விளங்கவில்லை என்பது தீர்ப்பாகுமா?

கலைப்படைப்பின்மீது சாட்டப்படும் குற்றங்களுள் மிக எளிதானது "விளங்கவில்லை" என்பதாகும். இக்குற்றத்தைச் சாட்டுகிறவர் எந்தச் சான்றையும் கொண்டுவர வேண்டுவதில்லை. தமக்கு விளங்காமையையே சான்றாக நிறுத்திப் படைத்தவனைக் கூண்டில் ஏற்றிவிடலாம். இந்த எளிய குற்றச்சாட்டு ஒரு பெருங்கலைஞனின் படைப்பை எவ்வாறு குலைத்தது என்பதையும், அதனையே இன்று நம்மவர்கள் தயக்கமின்றிக் கையாள்வது எத்துணைப் பொருந்தாச் செயல் என்பதையும் எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுத முற்படுகிறோம்.

நாம் பேச எடுத்துக்கொண்டது 'மாதுளையின் நிறம்' என்னும் திரைப்படம். டிஃப்லிஸ் நகரில் ஆர்மீனியக் குடும்பமொன்றில் பிறந்த செர்கேய் பராஜனோவ் (1924-1990) இதனை இயக்கினார். 1968இல் எடுத்து முடிக்கப்பெற்று, 1969இல் ஆர்மீனியாவில் வெளிவந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சயாத் நோவா என்னும் ஆர்மீனியக் கவிஞரின் வாழ்வே படத்தின் பொருள். ஆனால் இதில் கதை சொல்வார் இல்லை. உரையாடல் இல்லையென்றே சொல்லலாம். கேமரா ஓரிடத்தில் நிலைத்து நிற்க, மாந்தர் அதனை நேர்நோக்கி நிற்கின்றனர். வெண்துணியின்மீது வைத்த மாதுளைகளிலிருந்து செஞ்சாறு கசிந்து பரவுகிறது. கல்வெட்டின்மேல் கிடக்கும் திராட்சைக் குலையை வெறுங்கால் ஒன்று மிதிக்கிறது. இப்படிப் படிமத்தின்மேல் படிமமாக ஒன்றேகால் மணிக்குச் சற்று மிகுதியான நேரம் செல்கிறது.

2014ஆம் ஆண்டு இப்படம் சீரமைக்கப்பெற்று மீண்டும் உலக அரங்கிற்கு வந்தது. அதன் பின்னர் நம் சமுதாய இளைஞர்களுள்ளும் சிலர் அதனைப் பார்த்திருக்கின்றனர். அவர்கள் வாயிலாக மூன்று கூற்றுகள் நம் செவிக்கு எட்டியுள்ளன. முதற்சாரார், "ஒன்றும் விளங்கவில்லை, வெறும் ஆடம்பரம்" என்கின்றனர். இரண்டாம் சாரார், "விளங்க வேண்டிய தேவையே இல்லை, அழகு போதும்" என்கின்றனர். மூன்றாம் சாரார், "கிறிஸ்தவப் பாதிரி ஒருவரின் கதை இது, அவரைக் கொன்றதும் முஸ்லிம் படை என்கிறார்கள், இதில் நமக்கென்ன வேலை?" என்று வினவுகின்றனர். மூன்றும் பிழை என்பது நமது துணிபு. இவற்றுள் மூன்றாவது கூற்றே நம்மை மிகவும் வருத்துகிறது.

ஆஷிக் என்னும் பெயர்

சயாத் நோவாவின் இயற்பெயர் ஹருத்யூன். டிஃப்லிஸில் வளர்ந்தவர், இளமையில் நெசவுத் தொழில் பயின்றவர். கமாஞ்சா என்னும் வில்லிசைக் கருவியை மீட்டிப் பாடுவதில் இணையற்று விளங்கி, ஜார்ஜிய மன்னர் இரண்டாம் எரெக்ளேயின் அவையில் பாடகராக அமர்ந்தார். பின்னர் அவையினின்று நீக்கப்பட்டார். மர்மார் என்னும் மங்கையை மணந்து மக்களைப் பெற்றார். திருச்சபைக் குருவானார். மனைவி இறந்தபின் மடத்து வாழ்வை மேற்கொண்டார். ஆர்மீனியாவின் வடபகுதியிலுள்ள ஹக்பாத் மடத்தோடு அவர் பெயர் பிணைந்து நிற்கிறது. 1795இல் டிஃப்லிஸ் சூறையாடப்பட்டபோது கொல்லப்பட்டார்.

இவரைப் போன்ற பாடகர்களை ஆர்மீனியர் 'அஷூக்' என்று அழைப்பர். துருக்கியரும் அஸர்பைஜானியரும் 'ஆஷிக்' என்பர். இச்சொல் எங்கிருந்து வந்தது என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் சொல்லவும் வேண்டுமோ? 'இஷ்க்' என்னும் அரபுச் சொல்லடியிற் பிறந்தது அது. பேரன்பு கொண்டவன் என்பது அதன் பொருள். நம் ஸூஃபி ஞானிகள் இறைவன்மீது கொண்ட காதலைச் சொல்லக் கையாண்ட அதே சொல்லைத்தான் ஒரு கிறிஸ்தவக் கவிஞர் தம் தொழிலின் பெயராக ஏற்றிருந்தார். 'சயாத்' என்பதும் வேட்டைக்காரன் என்னும் பொருளுடைய அரபுச் சொல். 'நவா' பாரசீகத்தில் இன்னிசையைக் குறிக்கும். இசையை வேட்டையாடுவோன் என்று அவர் புனைபெயருக்குப் பொருள் உரைப்பாரும் உளர்.

இன்னொன்றும் கேளுங்கள். அவர் பாடல்களாக இன்று கிடைப்பவை ஏறத்தாழ 220. ஆர்மீனியத்தில் உள்ளவை அவற்றுள் ஒரு பகுதியே. ஜார்ஜியத்தில் உள்ளவை அதனினும் குறைவு. பாதிக்கு மேற்பட்டவை அஸர்பைஜானித் துருக்கியில் ஆனவை. அக்காலத்துக் காக்கேசியச் சந்தைகளிலும் விழாக்களிலும் முஸ்லிமும் கிறிஸ்தவனும் ஒருங்கே அமர்ந்து கேட்ட மொழி அது. அத்துருக்கிப் பாடல்களை அவர் ஜார்ஜிய எழுத்திலும் ஆர்மீனிய எழுத்திலும் எழுதி வைத்தார். அரபு எழுத்தில் தமிழை எழுதி, அதற்கு அரபுத்தமிழ் எனப் பெயரிட்டு, தலைமுறை தலைமுறையாகப் போற்றிய நமக்கு இதில் வியப்பு இருக்க முடியாது. ஒரு மொழி மற்றொன்றின் ஆடையை அணிந்து நடக்கும் காட்சி நம் பாட்டிமார் பெட்டிகளில் இருந்த கிதாபுகளில் நாம் கண்டதே.

இத்தகைய ஒருவரைத்தான் "நமக்கென்ன வேலை?" என்று ஒதுக்குகிறோம்.

வாழ்வும் பதிவேடும்

இனி முதற்சாராரின் வழக்கை எடுத்துக்கொள்வோம். கவிஞரின் வாழ்வைப் படமெடுப்பதாகச் சொல்லிவிட்டு அவர் எப்போது பிறந்தார், யாரை மணந்தார், எந்தப் பதவி வகித்தார் என்பவற்றைக் காட்டவில்லையே என்பது அவர்கள் முறையீடு.

நாம் திருப்பிக் கேட்கிறோம்: காட்டியிருந்தால் எதைக் காட்டியிருப்பார்கள்? அவர் பிறந்தது 1712ஆம் ஆண்டா, 1722ஆம் ஆண்டா என்பதிலேயே அறிஞரிடையே ஒத்த கருத்து இல்லை. மன்னரின் சகோதரி மீது கொண்ட காதலால் அவையினின்று வெளியேற்றப்பட்டார் என்பது மக்கள் வழங்கும் கதை. ஆவணம் நாட்டிய செய்தியன்று. ஆகவே வழக்கமான வரலாற்றுப் படம் ஒன்றை எடுத்திருந்தால், இளவரசிக்கும் பாடகனுக்கும் இடையே நிகழாத உரையாடல்களை நிகழ்ந்தனவாகக் காட்டியிருப்பார்கள். அது எல்லோர்க்கும் விளங்கியிருக்கும், பொய்யாகவும் இருந்திருக்கும். பராஜனோவ் தமக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்ட மறுத்தார். கவிஞரின் நாளேட்டை விடுத்து அவர் உள்ளத்தைக் காட்டுவதே நோக்கம் என்று படத்தின் தொடக்கத்திலேயே அறிவிக்கவும் செய்தார். இதனினும் நேர்மையான ஒப்பந்தத்தை எந்த இயக்குநர் தம் பார்வையாளரோடு செய்துகொண்டார்?

மேலும், படத்தில் வாழ்வு இல்லை என்பதே உண்மைக்கு மாறானது. கொப்பரைகளிலிருந்து சாயந்தோய்ந்த கம்பளி நூல்கள் ஆவியோடு வெளிவருவதைச் சிறுவன் பார்த்து நிற்கும் காட்சி நெசவு பயின்ற கவிஞரின் பிள்ளைப் பருவம் அன்றி வேறென்ன? மடத்தில் துறவியர் திராட்சையை மிதிப்பதும், மாதுளைகளைக் கடித்து உண்பதும், மடத்து வாழ்வின் உழைப்பும் உணவும் அல்லவோ? சமயத் தலைவர் இறந்தபோது கவிஞர் தேவாலயத்தினுள் அவருக்குக் குழி தோண்ட, ஆட்டு மந்தை வெள்ளமெனப் புகுந்து மண்டபத்தை நிறைக்கிறது. மேய்ப்பனை இழந்த மந்தையின் துயரத்தை இதனினும் தெளிவாகச் சொல்ல எத்தனைப் பக்க வசனம் வேண்டும்?

சோஃபிகோ சியாவுரேலி என்னும் ஜார்ஜிய நடிகை இளங்கவிஞனாகவும் அவன் காதலியாகவும் வேறு பல வேடங்களிலும் தோன்றுகிறார். "ஆணும் பெண்ணும் ஒருவரே என்றால் எப்படி விளங்கும்?" என்று கேட்கின்றனர். காதலிப்பவனும் காதலிக்கப்படுவதும் இறுதியில் வேறன்று என்று பாடிய ஞானியரின் வழிவந்தோர் கேட்கத்தக்க கேள்வியா இது? இறைவனை மனோன்மணி எனப் பெண்பாலில் விளித்து உருகியவர் நம் குணங்குடி மஸ்தான் சாகிபு (1792-1838). மனோன்மணியின் பெற்றோர் யார், அவள் எந்த ஊர் என்று இதுவரை எவரும் கேட்டதில்லை. மஸ்தான் சாகிபைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் நாம் அதே முறையில் பேசும் ஓர் அயலாரைக் கண்டவுடன் வரலாற்று ஆசிரியராக மாறிவிடுகிறோம்!

அதிகாரத்தின் வாயில் அதே சொல்

"விளங்கவில்லை" என்று சாதாரண மனிதன் சொன்னால் அது ஓர் ஆதங்கம். கற்கத் தொடங்குவதற்கு அது முதற்படியாகவும் அமையலாம். அதிகாரம் அதனைச் சொல்லும்போது அது கத்தரிக்கோலாகிறது.

சோவியத் திரைத்துறை அதிகாரிகள் சொன்னதும் இதைத்தான். இப்படம் கவிஞரின் வாழ்வை மக்களுக்குக் கற்பிக்கவில்லை என்றனர். எனவே அவர் பெயரை இது தாங்கலாகாது என்றனர். 'சயாத் நோவா' என்றிருந்த தலைப்பு நீக்கப்பட்டு 'மாதுளையின் நிறம்' ஆயிற்று. படத்தின் உட்தலைப்புகளிலிருந்தும் கவிஞரின் பெயர் களையப்பட்டது. அவரைப் பற்றிய செய்தி போதவில்லை என்று குறைகூறியவர்களே இருந்த ஒரே செய்தியான பெயரையும் அழித்தனர் என்றால், அவர்தம் அக்கறை எத்தகையது என்பதை வாசகர்களே உணர்ந்துகொள்வார்களாக.

அத்துடன் நிற்கவில்லை. ஆர்மீனியாவுக்கு வெளியே சோவியத் நாட்டின் பிற பகுதிகளில் காட்டுவதற்காக செர்கேய் யுத்கேவிச் என்னும் மற்றோர் இயக்குநர் படத்தை மறுதொகுப்புச் செய்தார். சில காட்சிகள் நீங்கின. சில இடம் மாறின. விளக்கத் தலைப்புகள் நுழைந்தன. படம் மக்களைச் சென்றடைய வேண்டுமென்ற நல்லெண்ணம் அவருக்கு இருந்திருக்கலாம். ஆயினும் ஒருவன் கட்டிய மாலையை மற்றொருவன் அவிழ்த்துக் கட்டினால், பூக்கள் அவையே எனினும் மாலை அதுவன்று. பல்லாண்டுகள் வெளியுலகம் கண்டது அந்த மாற்றிக் கட்டிய மாலையைத்தான்.

படைத்தவருக்கு நேர்ந்தது இதனினும் கொடிது. 1973 டிசம்பரில் பராஜனோவ் கைது செய்யப்பட்டு உழைப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். பிரெஞ்சுக் கவிஞர் லூயி அரகோன் உள்ளிட்ட அயல்நாட்டுக் கலைஞர்கள் குரல் எழுப்பிய பின்னர் 1977 டிசம்பரில் விடுவிக்கப்பட்டார். 1982இல் மீண்டும் சிறை. கேமரா மறுக்கப்பட்ட அக்காலத்தில் அவர் கைகள் ஓயவில்லை. தாளும் துணியும் கிடைத்தால் அவற்றை ஒட்டிச் சித்திரம் செய்தார். பால்புட்டியின் மூடித் தகட்டில் உருவங்களைக் கீறினார். எரவானில் உள்ள அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் சிறைக்காலத்துப் படைப்புகள் இன்றும் காணக் கிடைக்கின்றன. 'மாதுளையின் நிறம்' படத்திற்கும் அடுத்த முழுநீளப் படத்திற்கும் இடையே ஏறத்தாழ 15 ஆண்டுகள் வீணாயின. அவர் சிறைப்பட்டதற்கு அரசு கூறிய காரணங்கள் வேறு. எனினும் அடங்க மறுத்த கலைஞன் என்ற பெயரை அவருக்கு முதலில் ஈட்டித் தந்தவை அவர் படங்களே என்பதை எவரே மறுப்பர்?

அழகு மட்டும் போதுமா?

இரண்டாம் சாரார் நம் பக்கத்தவர் போல் தோன்றுவர். உண்மையில் அவரும் படத்திற்குத் தீங்கு செய்பவரே. "கண்ணை மூடாமல் பார்த்தால் போதும், பொருள் தேடாதே" என்பது அவர்கள் உபதேசம். பொருள் தேட வேண்டாமெனின் பராஜனோவ் ஹக்பாத்துக்கும் சனாஹினுக்கும் ஏன் போக வேண்டும்? அம்மடங்களின் கற்களையும், பழைய ஆடைகளையும், கம்பளங்களையும், ஏட்டுச் சுவடிகளையும் ஏன் தேடித் தேடித் திரட்ட வேண்டும்?

ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்காட்டுவோம். மழையில் நனைந்த மடத்து நூல்களைத் துறவிகள் கற்களின் அடியில் வைத்து நீரைப் பிழிகின்றனர். பின்பு கூரையெங்கும் அவற்றை விரித்து உலர்த்துகின்றனர். காற்றில் பக்கங்கள் படபடக்க, அவற்றின் நடுவே சிறுவன் படுத்திருக்கிறான். அழகு மட்டும் தேடுகிறவர் இதனை அழகென்று சொல்லிக் கடந்துவிடுவார். ஆர்மீனியர் தம் கையெழுத்துச் சுவடிகளை உயிருள்ளவர்களைப் போல் கருதினர் என்பதையும், பகைவர் கவர்ந்து சென்ற சுவடிகளைச் சிறைப்பட்ட மாந்தரை மீட்பதுபோல் பொருள் கொடுத்து மீட்டனர் என்பதையும் அறிந்தவருக்கோ, அக்கூரை நோயாளிகள் வெயில் காயும் முற்றமாகத் தோன்றும். ரிஹாலின்மீதன்றி குர்ஆனைக் கீழே வைக்காத இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இதனை விளக்கவும் வேண்டுவதில்லை. ஏட்டின்மீது ஒரு சமுதாயம் வைக்கும் மரியாதை என்னவென்று அவனுக்குத் தெரியும்.

மாதுளையும் அத்தகையதே. ஆர்மீனியருக்கு அது வாழ்வின், வளத்தின் சின்னம். நமக்கோ ஸூரத்துர் ரஹ்மானில் சுவனத்துக் கனிகளுள் ஒன்றாகப் பெயர் பெற்ற கனி. அக்கனி வெண்துணியில் குருதிபோல் கசிவதைக் காணும்போது இருவர் நெஞ்சும் ஒருங்கே நடுங்கும். அழகு நம்மை வாசலுக்கு அழைத்துச் செல்லும். உள்ளே புகுவதற்கு அறிவு வேண்டும். வாசலிலேயே நின்று வாசலைப் புகழ்ந்துகொண்டிருப்போரை விருந்தினர் என்று எவ்வாறு அழைப்பது?

யாருடைய வாள்?

இனி மூன்றாம் சாராரிடம் வருவோம். 1795 செப்டம்பரில் டிஃப்லிஸைச் சூறையாடியவர் ஈரானின் காஜார் அரசமரபைத் தோற்றுவித்த ஆகா முஹம்மத் கான். நகரம் எரியூட்டப்பட்டது, மக்கள் கொல்லப்பட்டனர், எஞ்சியோர் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அவ்வழிவில் சயாத் நோவாவும் மடிந்தார். மதம் மாற மறுத்ததால் வெட்டுண்டார் என்று ஆர்மீனியர் கூறுவர். அது எவ்வளவு வரலாறு, எவ்வளவு மக்கள் மரபு என்பது ஆராய்ச்சிக்குரியது. நகரம் அழிந்ததும் கவிஞர் கொல்லப்பட்டதும் ஐயத்திற்கு இடமற்றவை.

இதனைக் கேட்டதும் நம்மவருள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். ஏன் திருப்பிக்கொள்ள வேண்டும்? அந்த வாள் நம்முடையதென்று யார் சொன்னது? டிஃப்லிஸுக்கு முந்தைய ஆண்டில், அதாவது 1794இல், இதே ஆகா முஹம்மத் கான் கெர்மான் நகரைப் பிடித்தபோது அங்கிருந்த ஆடவரைத் திரள்திரளாகக் கண் பறித்தார். கெர்மான் முஸ்லிம்களின் நகரம். அங்கே பறிபோன விழிகள் தொழுகையில் ஸஜ்தா செய்த நெற்றிகளின் கீழிருந்த விழிகள். 1797இல் ஷூஷா நகரில் தம் சொந்தப் பணியாளர்களாலேயே அவர் கொல்லப்பட்டார். கெர்மானின் முஸ்லிமையும் டிஃப்லிஸின் கிறிஸ்தவரையும் ஒரே கண்ணால் பார்த்த கொடுங்கோன்மைக்கு நாம் ஏன் வாரிசாக வேண்டும்? பெயரில் முஹம்மத் என்றிருப்பதாலா?

வாள்முனையில் ஒருவரை மதம் மாற்றுவது நம் மார்க்கத்திற்கு உடன்பாடன்று என்று மேடைதோறும் முழங்குகிறோம். அம்முழக்கம் உள்ளத்திலிருந்து வருவதாயின், அவ்வாறு வெட்டுண்டதாகச் சொல்லப்படும் மனிதருக்காக முதலில் கண்ணீர் சிந்த வேண்டியவர்கள் நாமே. வெட்டியவனின் பெயரைக் கேட்டு வெட்கி ஒதுங்குவது, அவனை நம்மவன் என்று ஒப்புக்கொள்வதாகும். நாம் ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை. ஆஷிக் என்ற பெயரோடு வாழ்ந்தவர்தான் நமக்கு உறவு. அவரை அழித்தவர் அல்லர்.

பராஜனோவும் அப்பகையைத் தம் படத்தின் பொருளாக்கவில்லை. படைகள் பொருதும் போர்க்களத்தை விரித்துக் காட்டவில்லை. ஒரு சமயத்தார்மீது வெறுப்பை மூட்டவில்லை. எரியும் மெழுகுத்திரிகளுக்கு நடுவே கவிஞர் கிடக்க, தலையறுந்த கோழிகள் துடித்து விழுந்து திரிகளை அணைக்கும் காட்சியே அங்கு மரணம். பழிக்குப் பழி கேட்கும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. அவர் அதனை நாடவில்லை.

ஆனால் ஒரு குறையை நாம் மறைக்கப்போவதில்லை. இப்படத்தை மட்டும் பார்ப்பவர், அதன் நாயகரின் பாடல்களில் பாதிக்கு மேற்பட்டவை முஸ்லிம் அண்டையாரின் மொழியில் ஆனவை என்ற செய்தியை அறியாமலே எழுந்து செல்லக்கூடும். மடத்தின் கற்சுவர்கள் படத்தில் உயர்ந்து நிற்குமளவுக்குச் சந்தையின் ஆரவாரம் கேட்கவில்லை. பராஜனோவே இதனை ஈடுசெய்தார் என்று கொள்வதில் தவறில்லை. அவர் முடித்த கடைசிப் படத்தின் பெயர் 'ஆஷிக் கெரிப்'. வறிய முஸ்லிம் பாடகன் ஒருவன் தன் காதலியை மணப்பதற்குப் பொருள் தேடி அலையும் கதை அது. ருஷ்யக் கவிஞர் லெர்மொந்தோவ் எழுதிவைத்த நாட்டார் கதையைத் தழுவியது. அஸர்பைஜானி மொழி பேசும் அப்படத்தை ஓர் ஆர்மீனியர் எடுத்தார். அது வெளிவந்த ஆண்டு 1988. கராபாக் நிலத்திற்காக ஆர்மீனியரும் அஸர்பைஜானியரும் ஒருவர்மீது ஒருவர் பாயத் தொடங்கிய ஆண்டும் அதுவே. இருபுறமும் கூட்டங்கள் கொதித்துக்கொண்டிருக்க, அண்டை வீட்டானின் ஆஷிக்கைத் தம் தோளில் தூக்கி வந்தார் அம்முதியவர். இதற்குப் பின்னும் அவர் யாருடைய கலைஞர் என்று கேட்போருக்கு நாம் என்ன மறுமொழி சொல்வது?

ஆகவே நம் சமுதாயப் பெற்றோரையும் இளைஞரையும் நோக்கி நாம் வேண்டுவது இதுவே: விளங்காத ஒன்றைக் கண்டால் உடனே தீர்ப்பெழுதி விடாதீர்கள். விளங்காமை வெட்கமன்று, விளங்க மறுப்பதே வெட்கம். பிள்ளைகள் வந்து "இதில் ஒன்றும் புரியவில்லையே" என்று சொன்னால், "விட்டுத் தள்ளு" என்று அனுப்பாமல், அந்தக் கவிஞர் யார், அந்த மடம் எங்குள்ளது, ஆஷிக் என்றால் என்ன என்று அவர்களோடு உட்கார்ந்து தேடுங்கள். தேடிய பின்னரும் பிடிக்கவில்லையென்றால் தாராளமாக மறுத்துரைக்கட்டும். அம்மறுப்புக்கு மதிப்பு உண்டு. தேடாமல் கூறும் மறுப்போ, கவிஞரின் பெயரை அழித்த அதிகாரிகளின் கத்தரிக்கோலுக்குச் சாணை பிடித்துக் கொடுப்பதாகவே முடியும். அந்த ஊழியத்தை நம் வீடுகள் செய்ய வேண்டாம்.